தூக்காதீங்க, அங்கேயே அமுக்குங்க: ஆள் சரிந்து விழுந்த முதல் பத்து நிமிடம்

காங்கேயம் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் முடிந்து இரண்டாம் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. பெண்ணுக்கு மாமன் முறை, ஐம்பத்தைந்து வயசு இருக்கும், பந்தியில் ஒவ்வொருவராகப் பார்த்து "இன்னும் சித்த சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டே போனவர், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் அப்படியே சரிந்தார். ஒருவர் ஓடிப்போய் சோடா உடைத்து வந்தார். இன்னொருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். "பாத்துட்டு நின்னா எப்புடிங்க, தூக்குங்க, காரை எடுங்க" என்று ஒரு சத்தம். ஆறு பேர் சேர்ந்து தூக்கினோம். படி இறங்கும்போது ஒருமுறை பிடி நழுவியது, கார் பின் சீட்டில் காலை மடக்கித்தான் படுக்க வைக்க முடிந்தது, வாசலில் குறுக்கே நின்ற வேனை நகர்த்த டிரைவரைத் தேட வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம். அவ்வளவு நேரத்தில் ஒருவர்கூட அவர் நெஞ்சில் கை வைக்கவில்லை. அவருடைய இடது காலைப் பிடித்துத் தூக்கியது நான்.

அந்த வருடமே, நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் முதலுதவிப் பயிற்சிக்கு ஆள் கேட்டபோது முதலில் பெயர் கொடுத்தேன். அங்கே கற்றுக்கொண்டதையும், பிறகு புதிதாகச் சேருகிறவர்களுக்கு வருடா வருடம் சொல்லிக்கொடுத்ததில் எங்கே எல்லோரும் தடுமாறுகிறார்கள் என்று தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். படிப்பு, மருத்துவ அறிவு எதுவும் தேவையில்லை. இரண்டு கை இருந்தால் போதும்.

முதலில், மாரடைப்பும் இதயநிறுத்தமும் ஒன்று இல்லை

நம் ஊரில் எல்லாவற்றையும் 'அட்டாக்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். போர்வெல் மோட்டார் வைத்திருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். மாரடைப்பு என்பது குழாய் அடைத்துக்கொள்வது. இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகிற குழாய் அடைபட்டு, ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார், வியர்க்கும், பேசுவார், பயப்படுவார். மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இவரை நடக்க விடாமல் உட்கார வைத்து, 108ஐக் கூப்பிட்டு, சீக்கிரம் வைத்தியம் கிடைக்கச் செய்ய வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இதற்கான முதல் மாத்திரைகளைக் கொடுக்கும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023இல் தமிழ்நாட்டில் தொடங்கியது, அதனால் பக்கத்தில் பி.எச்.சி. இருந்தால் அதையும் மறக்க வேண்டாம்.

இதயநிறுத்தம் என்பது கரண்ட் கோளாறு. இதயத்துக்குள் ஓடும் மின்சாரம் தாறுமாறாகி, துடிப்பதற்குப் பதிலாகப் புழு நெளிவது மாதிரி நடுங்கிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் வெளியே போகாது. சில நொடியில் ஆள் நினைவிழந்து விழுந்துவிடுவார். மாரடைப்பு முற்றி இப்படி ஆகலாம், கரண்ட் ஷாக்கில் ஆகலாம், பந்து வேகமாக வந்து நெஞ்சில் பட்டு விளையாடிக்கொண்டிருந்த பையனுக்கும் ஆகலாம். மூச்சும் ரத்த ஓட்டமும் இல்லாமல் நான்கைந்து நிமிடம் போனால் மூளை கெட ஆரம்பிக்கும். நெஞ்சை அமுக்காமல், ஷாக்கும் கொடுக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. பத்து நிமிடத்தில் என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதனால்தான் காரில் போட்டுக்கொண்டு ஓடுவது தப்பு என்கிறேன். ஓடுகிற காரின் பின் சீட்டில் யாராலும் சரியாக அமுக்க முடியாது. ஆள் விழுந்த இடத்திலேயே வேலை ஆரம்பிக்க வேண்டும், வண்டி அவரைத் தேடி வரட்டும்.

விழுந்தவுடன் பார்க்க வேண்டியது

பக்கத்தில் போகும் முன் ஒரு நொடி சுற்றிப் பாருங்கள். மோட்டார் ரூமிலோ, தறிக் கொட்டகையிலோ, ஈரக் காட்டிலோ விழுந்து கிடந்தால் முதலில் மெயினை ஆஃப் செய்ய வேண்டும். கரண்ட் அடித்தவரைத் தொட்டு இன்னொருவரும் போய்ச் சேர்ந்த கதை நம் பக்கம் எத்தனை கேட்டிருக்கிறோம்.

அப்புறம் இரண்டு தோளையும் பலமாகத் தட்டி, காதுக்குப் பக்கத்தில் "ஏனுங்க, ஏனுங்க, கண்ணைத் தொறங்க" என்று சத்தமாகக் கூப்பிடுங்கள். அசைவு இல்லையா? நெஞ்சும் வயிறும் ஒழுங்காக ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். பத்து நொடிக்கு மேல் பார்க்க வேண்டாம். நாடி பிடித்துப் பார்க்கவும் வேண்டாம். பயிற்சி இல்லாதவர் பதற்றத்தில் நாடி பார்த்தால் தன்னுடைய விரல் துடிப்பையே அவருடையது என்று நினைத்துக்கொள்வார்.

இங்கேதான் பெரிய ஏமாற்று ஒன்று இருக்கிறது. இதயம் நின்ற பிறகும் சிலர், கரையில் போட்ட மீன் மாதிரி, எப்போதாவது ஒருமுறை வாயைத் திறந்து 'ஹக்' என்று இழுப்பார்கள், குறட்டை மாதிரிச் சத்தம் வரும். "மூச்சு வருதுங்க, உசுரு இருக்குதுங்க" என்று எல்லோரும் ஒதுங்கி விசிறிக்கொண்டு நிற்பார்கள். அன்றைக்கு அந்த மாமாவுக்கும் அப்படித்தான் இருந்தது. அது மூச்சு இல்லை. மூளையின் கடைசி இழுப்பு. அதே மாதிரி விழுந்த உடனே கை கால் கொஞ்ச நேரம் வெட்டி இழுக்கலாம், வலிப்பு என்று நினைத்து இரும்பைக் கையில் கொடுப்பார்கள். இரும்பு வலிப்புக்கும் உதவாது என்பது வேறு விஷயம். வெட்டு நின்றதும் மூச்சைப் பாருங்கள். எழுப்பினால் எழவில்லை, மூச்சு ஒழுங்காக இல்லை, இந்த இரண்டும் போதும், இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தப்பாக நினைத்து அமுக்கிவிட்டால் பெரும்பாலும் நெஞ்சு வலியோடு போய்விடும், கையால் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். அமுக்காமல் விட்டால் திருத்த முடியாது.

108ஐக் கூப்பிடுவது

"யாராவது போன் பண்ணுங்க" என்று பொதுவாகக் கத்தினால் யாரும் பண்ண மாட்டார்கள், எல்லோரும் இன்னொருவர் பண்ணியிருப்பார் என்று நினைப்பார்கள். விரலை நீட்டிச் சொல்லுங்கள்: "நீலச் சட்டை அண்ணா, நீங்க 108க்குப் போடுங்க. தம்பி, நீ போய் ஏ.இ.டி. பெட்டி எடுத்துட்டு வா." (ஏ.இ.டி. என்பது இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் சின்ன மிஷின், அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.) தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு, பேசிக்கொண்டே அமுக்க ஆரம்பியுங்கள்.

தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் வீட்டில், இருக்கிறவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து, இட்டேரியில் ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே வந்து, வாய்க்கால் பாலம் தாண்டி இடது பக்கம் என்று போனில் எவ்வளவு சொன்னாலும் புது டிரைவருக்குப் புரியாது, மேப்பிலும் பாதி வழி இருக்காது. ஒரு பையனை எக்ஸ்எல் வண்டியில் ரோட்டு முக்குக்கு அனுப்பி நிற்கச் சொல்லுங்கள், ஆம்புலன்சுக்கு முன்னால் அவன் ஓட்டிக்கொண்டு வரட்டும். கேட்டைத் திறந்து வையுங்கள். நாயைக் கட்டுங்கள். உங்கள் சாளைக்கு வரும் வழியை, பஸ் நிறுத்தம், கோவில், டிரான்ஸ்பார்மர் என்று அடையாளத்தோடு ஒரு பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பதற்றத்தில் சொந்த வீட்டுக்கு வழி சொல்லவும் நாக்கு வராது.

அமுக்குவது

கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தால் இறக்குங்கள். மெத்தையிலும் கூடாது. கீழே கெட்டியான தரை வேண்டும், இல்லையென்றால் நீங்கள் கொடுக்கும் பலமெல்லாம் கட்டிலுக்குத்தான் போகும். மல்லாக்கப் படுக்க வைத்து, அவர் பக்கத்தில் இரண்டு முட்டியும் போட்டு, நெஞ்சை ஒட்டி உட்காருங்கள்.

நெஞ்சுக்கு நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் எலும்பு தட்டுப்படும், அதன் கீழ்ப் பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை, அதாவது மணிக்கட்டுக்குப் பக்கத்து மேட்டை, வையுங்கள். இதயம் இடது பக்கம் என்று சொல்லி இடது மாரில் வைப்பார்கள், வேண்டாம், நட்ட நடுவில்தான். வயிற்றுக்கு மேலேயும் இறங்கிவிடக் கூடாது. இன்னொரு கையை அதற்கு மேல் வைத்து விரல்களைக் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கை மடங்கவே கூடாது. உங்கள் தோள் நேராகக் கைக்கு மேலே வரும்படி சாய்ந்து, கை பலத்தால் இல்லாமல் உடம்பு பாரத்தால் அமுக்குங்கள்.

எவ்வளவு ஆழம்? 5 சென்டிமீட்டர், 6ஐத் தாண்டாமல். சொல்லும்போது சின்னதாகத் தெரியும், பயிற்சிப் பொம்மையில் முதல்முறை அமுக்கிய எல்லோரும் பாதி ஆழம்தான் போகிறார்கள், மனுஷன் நெஞ்சாச்சே என்று கை தயங்கும். எவ்வளவு வேகம்? நிமிடத்துக்கு 100 முதல் 120, அதாவது நொடிக்கு இரண்டு என்று மனதில் வைத்துக்கொண்டால் சரியாக வரும். வாய்விட்டு எண்ணுங்கள், எண்ணினால் கூட்டமும் கொஞ்சம் அடங்கும்.

ஆழத்தை விடவும் பலர் கோட்டை விடுவது மேலே வரவிடுவதில்தான். பழைய அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை முழுக்கத் தூக்கினால்தான் அடுத்த அடிக்குத் தண்ணீர் வரும், பாதியில் நிறுத்தி நிறுத்தி அடித்தால் வெறும் சத்தம்தான் வரும். நெஞ்சும் அப்படியே. ஒவ்வொரு அமுக்கலுக்கும் பிறகு நெஞ்சு முழுதாக மேலே எழும்ப வேண்டும், அப்போதுதான் இதயத்துக்குள் திரும்ப ரத்தம் நிரம்பும். கையை எடுக்க வேண்டாம், பாரத்தை மட்டும் எடுங்கள்.

விலா எலும்பு 'பட்' என்று உடைகிற சத்தம் வரலாம், குறிப்பாக வயசானவர்களுக்கு. அந்தச் சத்தத்தில் கை தானாக நின்றுவிடும். நிறுத்தாதீர்கள். கை இருக்கும் இடம் சரிதானா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள். எலும்பு பிறகு கூடிக்கொள்ளும்.

வாயோடு வாய் வைத்து ஊத வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். பயிற்சி இல்லாதவர் ஊத வேண்டியதில்லை. நம் நாட்டு மயக்கவியல் மருத்துவர்கள் 2017இல் பொதுமக்களுக்கென்று வகுத்த முறையின் பெயரே 'அமுக்குதல் மட்டும்' என்பதுதான், ஆங்கிலச் சுருக்கத்தில் கோல்ஸ் என்பார்கள். விழுந்த பெரியவரின் ரத்தத்தில் சில நிமிடத்துக்கு ஆக்சிஜன் மிச்சம் இருக்கும், அதைச் சுற்றவிட ஆள்தான் இல்லை. பயிற்சி பெற்றவர் என்றால் 30 அமுக்கலுக்கு 2 ஊதல்.

தண்ணீரில் மூழ்கியவர் மட்டும் வேறு கணக்கு. கீழ்பவானி வாய்க்காலிலும், பி.ஏ.பி. வாய்க்காலிலும், நம் கிணறுகளிலும் வருடா வருடம் பிள்ளைகள் போகிறார்கள். மேலே தூக்கியதும் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நேரத்தைத் தின்னும், வாந்தி மூச்சுக்குழலுக்குள் போகும். மூழ்கியவருக்கு மூச்சு இல்லாமல்தான் இதயம் நின்றது, அதனால் ஊதத் தெரிந்தவர் இருந்தால் முதலில் ஊதிவிட்டு அமுக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கும் ஊதுவது முக்கியம். பிள்ளைகளுக்கு நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம், ஒரு கை போதும். கைக்குழந்தைக்கு இரண்டு கட்டைவிரல் அல்லது ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி, 4 சென்டிமீட்டர்.

இரண்டு நிமிடத்தில் உங்களுக்கு மூச்சு வாங்கும். வாங்கினாலும் "நான் பாத்துக்கறேன்" என்று பிடிவாதமாகத் தொடர்பவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு நல்ல மனசு, ஆனால் ஆழம் குறைந்துவிடும். எதிர்ப் பக்கம் ஒருவர் முட்டி போட்டுத் தயாராக இருக்கட்டும், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இடைவெளி இல்லாமல் மாற்றிக்கொள்ளுங்கள். மண்டபத்தில் நாங்கள் ஆறு பேர் இருந்தோம். ஆறு பேர் மாறி மாறி அமுக்கினால் அரை மணி நேரம் தாங்கியிருக்கும்.

ஏ.இ.டி. என்ற பெட்டி

1960இல் அமெரிக்காவில் கைகளால் நெஞ்சை அமுக்கும் இந்த முறையை வெளியிட்ட மூவரில் கூவன்ஹோவன் என்பவர் டாக்டர் அல்ல, மின் பொறியாளர். 1965இல் பெல்ஃபாஸ்டில் பேன்ட்ரிட்ஜ் என்ற மருத்துவர் கார் பேட்டரியில் ஓடும் ஷாக் கருவியை ஆம்புலன்ஸில் ஏற்றினார், அதன் எடை 70 கிலோ. இன்றைக்கு அதே வேலையைச் செய்யும் ஏ.இ.டி. ஒரு டிபன் பை அளவில் இருக்கிறது, திறந்தால் அதுவே பேசி வழி சொல்கிறது.

சினிமாவில் காட்டுவது மாதிரி நின்றுபோன இதயத்தை இது ஓட வைக்காது. தாறுமாறாக நடுங்கும் இதயத்தை ஒரு அடியில் சும்மா இருக்கச் செய்யும், பிறகு இதயமே தன் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். எந்த நடுக்கத்துக்கு ஷாக் தேவை என்பதை மிஷினே பார்த்துத் தீர்மானிக்கிறது. தேவையில்லாதவருக்கு அது ஷாக் கொடுக்காது, அதனால் பயமில்லாமல் கையில் எடுக்கலாம்.

பெட்டி வந்ததும் அமுக்குகிறவர் நிறுத்த வேண்டாம், இன்னொருவர் ஆன் செய்யட்டும். சட்டையைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள், பட்டன் கழற்றிக்கொண்டிருக்க நேரம் இல்லை. வியர்வையைத் துணியால் அழுத்தித் துடையுங்கள், பங்குனி வெயிலில் இதை விட்டுவிட்டால் பேட், அதாவது மிஷினிலிருந்து ஷாக்கை நெஞ்சுக்குக் கொண்டுபோகும் ஒட்டுப் பட்டை, ஒட்டவே ஒட்டாது. தறிக் கொட்டகையில் பஞ்சுத் தூசும் எண்ணெயும் சேர்ந்து படிந்திருக்கும், அதையும்தான். மாரில் முடி அடர்ந்திருந்தால் பேட் ஒட்டும் இடத்தில் மட்டும் ரேசரால் இரண்டு இழுப்பு. ஒரு பேட் வலது காறை எலும்புக்குக் கீழே. இன்னொன்று இடது பக்கம், அக்குளுக்குக் கீழே விலாவில். பேட்டின் மேலேயே படம் போட்டிருக்கும். தாலிக்கொடியையோ செயினையோ கழற்றத் தேவையில்லை, பேட்டுக்கு அடியில் வராமல் ஒதுக்கிவிட்டால் போதும். தோலுக்கு அடியில் பேஸ்மேக்கர் (துடிப்பைச் சீராக்க உள்ளே வைத்த சின்னக் கருவி) புடைத்துத் தெரிந்தால் அதன் மேல் ஒட்டாமல் தள்ளி ஒட்டுங்கள்.

விழுந்தது பெண் என்றால் நம் ஊரில் எல்லோரும் தயங்கி நிற்பார்கள். ஆண்கள் தொடலாமா, ஜாக்கெட்டை வெட்டலாமா என்று பார்த்துக்கொண்டே நிமிடங்கள் போகும். நான்கு பெண்களைச் சுற்றி வெளிப்பக்கம் பார்த்து நிற்கச் சொல்லி, ஒரு சேலையை மறைப்பாகப் பிடிக்கச் சொல்லுங்கள். உள்ளே யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் அமுக்கட்டும். இதை நான் பயிற்சியில் எப்போதும் தனியாக நிறுத்திச் சொல்வேன், ஏனென்றால் முன்னாடியே பேசி வைக்காவிட்டால் அந்த நேரத்தில் யாருக்கும் வாய் வராது.

"தொடாதீர்கள்" என்று மிஷின் சொன்னால் எல்லோரும் கையை எடுங்கள், அது இதயத்தைப் படிக்கிறது. ஷாக் என்றால் "எல்லாரும் தள்ளுங்க" என்று கத்தி, சுற்றிப் பார்த்துவிட்டுப் பட்டனை அழுத்துங்கள். உடம்பு ஒரு குலுக்குக் குலுக்கும். உடனே, அந்த நொடியே, திரும்ப அமுக்க ஆரம்பிக்க வேண்டும், எழுந்தாரா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அது மறுபடி படிக்கும். எட்டு வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குச் சின்னப் பேட் இருந்தால் அது, இல்லையென்றால் பெரிய பேட்டையே நெஞ்சில் ஒன்றும் முதுகில் ஒன்றுமாக ஒட்டலாம்.

ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து கை மாற்றும் வரைக்கும், அல்லது ஆள் அசைந்து ஒழுங்காக மூச்சு விடும் வரைக்கும் நிறுத்தாதீர்கள். மூச்சு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்திலேயே இருந்து நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருங்கள், திரும்ப நிற்கலாம். பேட்டைப் பிய்க்க வேண்டாம்.

எங்கே, என்ன வாங்கி வைப்பது

தொழிற்சாலைகள் சட்டம் 1948இன் 45ஆம் பிரிவு, 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது இருக்க வேண்டும், அதற்குப் பயிற்சி பெற்ற ஆள் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று எழுதியது. நம் பக்கத்து முதலாளிமார்கள் பெட்டி வாங்கிவிடுவார்கள். அதைப் பூட்டிச் சாவியை மேனேஜர் டிராயரில் போட்டுவிடுவார்கள். இதயநிறுத்தத்துக்குப் பிளாஸ்திரியும் டிஞ்சரும் உதவாது. ஏ.இ.டி.யோடு ஒரு சின்னப் பை போதும்: துணி வெட்டும் கத்தரி, ரேசர், துண்டு, கையுறை, ஊதுவதற்கான பாக்கெட் மாஸ்க்.

ஏ.இ.டி. விலை ஒரு லட்சத்தை ஒட்டி வரும். தனி வீட்டுக்குக் கஷ்டம்தான். ஆனால் மண்டபம், மில், ஸ்பின்னிங் ஹாஸ்டல், மஞ்சள் மண்டி, உடற்பயிற்சிக் கூடம், சென்னிமலை மாதிரி 1,320 படி ஏறுகிற கோவில், தைப்பூசத்துக்குப் பழனி நடக்கும் பாதயாத்திரைக் குழுவின் வண்டி, இங்கெல்லாம் பத்துப் பேர் சேர்ந்தால் முடியாத தொகை இல்லை. எங்கள் கம்பெனியில் பஞ்சிங் மிஷினுக்கு நேர் எதிரே, பூட்டு இல்லாமல் மாட்டியிருக்கிறோம். காலையில் உள்ளே வரும்போது பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது என் வேலை, நான் லீவு என்றால் செக்கிங் செக்‌ஷன் அக்கா பார்ப்பார். பேட்டுக்கும் பேட்டரிக்கும் காலாவதி தேதி உண்டு, அதைப் பெட்டியின் வெளியே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம். வெயில் நேராக அடிக்கும் சுவரிலோ பாய்லர் பக்கத்திலோ மாட்டாதீர்கள்.

செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் பயிற்சி தருகிறார்கள். இதைப் படித்ததை மட்டும் நம்பி இருக்காமல் ஒருமுறையாவது பொம்மை மேல் அமுக்கிப் பாருங்கள், அந்த 5 சென்டிமீட்டர் கைக்குத் தெரிய வேண்டும்.

ஆம்புலன்ஸ் வந்த பிறகு

எத்தனை மணிக்கு விழுந்தார், எப்போது அமுக்க ஆரம்பித்தீர்கள், எத்தனை ஷாக் போயிற்று, இந்த மூன்றையும் வந்தவர்களிடம் சொல்லுங்கள். முடிந்தால் ஒருவரைப் போனில் நேரத்தைக் குறித்துக்கொண்டே இருக்கச் சொல்லலாம். அவர் சாப்பிடும் மாத்திரைச் சீட்டு வீட்டில் இருந்தால் கூடவே கொடுத்துவிடுங்கள்.

வண்டி போனதும் அமுக்கியவருக்குக் கை நடுங்கும், சிலர் அழுவார்கள், சிலர் ஒன்றும் பேசாமல் வேலைக்குத் திரும்பிவிட்டு இரவில் தூங்க மாட்டார்கள். அவரை உட்கார வைத்து ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், வீட்டுக்குத் தனியாக வண்டி ஓட்டிப் போக விடாதீர்கள். ஆள் பிழைக்காமலும் போகலாம், எல்லாம் சரியாகச் செய்தாலும் போகலாம், அதை அவரிடம் அன்றே யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும். பேட் ஒருமுறைக்குத்தான், அன்றைக்கே புதுப் பேட்டுக்கு ஆர்டர் போட்டுவிட்டு, ரேசரும் துண்டும் மாற்றி, பெட்டியைத் திரும்ப அதே ஆணியில் மாட்டுங்கள்.